வாட்டம் பார்த்துப் போட்ட மைதானம்

கொல்லைப்புறத்தில் ஒரு குட்டி பேஸ்பால் மைதானம் வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் சுவரைப் பற்றித்தான் பேசுவார்கள். பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க்கில் இடப்பக்கம் 37 அடி உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவர் நிற்கிறது. கிரீன் மான்ஸ்டர் என்று பேர். நான் பிழைக்கும் கனெக்டிகட் மாநிலம் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் கிடப்பதால் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. பாஸ்டன் கட்சிக்காரருக்கு அந்தப் பச்சைச் சுவரின் நகல் வேண்டும். நியூயார்க் கட்சிக்காரருக்கு யாங்கி ஸ்டேடியத்தின் உச்சியில் ஓடும் வெள்ளை வளைவுகள் வேண்டும். சிகாகோவிலிருந்து குடிவந்தவர் என்றால் ரிக்லி ஃபீல்டின் கொடி படர்ந்த செங்கல் சுவர். கைப்பேசியில் படம் காட்டுவார்கள். நான் தலையாட்டிக்கொண்டே தோட்டத்தின் கடைசிவரை நடந்துவிட்டு வந்து, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்பேன். தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிற இடம்தான். பதில் சொன்னவர்கள் குறைவு.

அந்தக் கேள்வி எங்கள் அப்பாவுடையது. அம்பாசமுத்திரம் பக்கம் அவர் கொத்தனார். மொட்டைமாடித் தளம் போடும் நாளில் மற்ற வேலையை எல்லாம் சித்தாள்களிடம் விட்டுவிட்டு வாட்டத்தை மட்டும் தானே பார்ப்பார். குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடிக்க என்னை ஒரு முனையில் நிறுத்துவார். “தண்ணிக்கு வழி விட்டுட்டுத்தாம்ல செவுத்த எழுப்பணும்” என்பார். படித்து வேறு வேலைக்குப் போகத்தான் அமெரிக்கா வந்தேன். 1980களின் கடைசியில் எனக்கு முதலில் கிடைத்தது, ஒரு சிற்றூரின் பள்ளி மைதானங்களையும் பூங்காக்களையும் பராமரிக்கும் குழுவில் மண் தள்ளும் வேலை. கொஞ்ச நாளைக்கு என்று சேர்ந்தவன், பிறகு அதே மண்ணில் சொந்தத் தொழிலும் வைத்துக்கொண்டேன்.

குழுவின் மேஸ்திரி இத்தாலிய வழிவந்த பெரியவர். அதிகம் பேசமாட்டார். காலையில் மைதானத்துக்குப் போனதும் கார் சாவியை எடுத்து மண்ணில் குத்துவார். சாவி நெருடாமல் இறங்கி, இழுக்கும்போது மண்ணைப் பெயர்க்காமல் வெளியே வந்தால் அன்றைக்கு ஆட்டம் உண்டு. ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் அதிகம். இறங்கவே மறுத்தால் உடனே தண்ணீர் பிடிக்க வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த அக்கறை முதலில் புரியவில்லை. பேஸ்பாலில் பிட்சர் எறியும் பந்து தரையில் குத்துவதில்லையே, பிறகு எதற்கு மண்ணை இப்படிச் சீராட்ட வேண்டும்? அடிபட்ட பந்துதான் தரையில் பட்டு எழும். அது எழுகிற திசையில் ஒரு பத்து வயதுப் பையனின் முகம் இருக்கும். பல் உடைந்த பையன்களைப் பார்த்த பிறகு நானும் சாவியைக் குத்திப் பார்க்க ஆரம்பித்தேன்.

மண்ணை வைத்து ஆட்டத்தையே மாற்றலாம் என்பதற்கு மேஸ்திரி சொல்லும் ஒரே கதை 1962இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் மோரி வில்ஸ் அந்த ஆண்டு 104 பேஸ்களைத் திருடியவர். ஓட்டக்காரர் தொட வேண்டிய நாலு மூலைகள்தான் பேஸ்; பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைத்தான் திருட்டு என்பார்கள். அவர் ஓட்டத்தைத் தடுக்க, உள்ளூர் மைதானப் பொறுப்பாளர் மேட்டி ஷ்வாப் முதல் பேஸ் ஓரத்து மண்ணில் மணலைக் கலந்து நீர்விட்டு இளக்கி வைத்தார். நடுவர்கள் பார்த்துச் சரிசெய்யச் சொன்னார்கள். சரிசெய்கிறோம் என்று மறுபடியும் தண்ணீர் விட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் மேஸ்திரி சிரிப்பார்.

கொல்லைப்புற வேலைகள் பிறகு வந்தன. ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படம் 1989இல் வெளியானது. அயோவா விவசாயி ஒருவர் சோளக் கொல்லையை அழித்து மைதானம் போடுகிற கதை. அதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்ட அப்பாக்கள் பலர் இருந்தார்கள். ஆசைப்பட்டதோடு சரி, மண்வெட்டி எடுத்தவர்கள் அரிது. வெர்மாண்ட் மாநிலத்தில் பேட் ஓ’கானர் என்பவர் தன் வீட்டு நிலத்தில் ஃபென்வேயின் குட்டி வடிவத்தை 2001இல் கட்டினார். சில ஆண்டுகளில் பக்கத்திலேயே ரிக்லியின் குட்டி வடிவமும் வந்தது. பனி ஹாக்கியில் கழுத்தெலும்பு முறிந்து முடங்கிப்போன டிராவிஸ் ராயின் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட அங்கே போட்டிகள் நடத்தினார்கள். அந்தப் படங்கள் பரவிய பிறகுதான் என் தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது.

அதற்கும் முன்னால் வந்தவர் ஒருவர் உண்டு. பல் மருத்துவர். பெரிய மைதானத்தின் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து, எல்லா அளவையும் மூன்றால் வகுத்து ஓரத்தில் அழகாக எழுதியிருந்தார். பேஸிலிருந்து பேஸுக்கு 90 அடி என்பது 30 ஆகியிருந்தது. பிட்சர் நிற்கும் 60 அடி 6 அங்குலம், 20 அடி 2 அங்குலம் ஆகியிருந்தது. மட்டைக்காரர் காலடியில் பதிக்கும் 17 அங்குல ஹோம் பிளேட் ஆறு அங்குலத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. “எந்தப் பந்து வைத்து ஆடுவார்கள்?” என்று கேட்டேன். “பேஸ்பால்தான், வேறென்ன?” என்றார். கல் மாதிரி இருக்கும் தோல் பந்தை இருபதடித் தூரத்திலிருந்து பிள்ளைமேல் எறியவா என்று கேட்கவில்லை. அவரே கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

குட்டியாக்குவது என்றால் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சிறுவர்களுக்கான லிட்டில் லீக் மைதானத்தின் அளவுகளைப் பார்த்தால் அதை வகுத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை என்று தெரியும். பேஸ் தூரம் 90இலிருந்து 60 அடி ஆயிற்று; சரியாக மூன்றில் இரண்டு. அதே கணக்கில் பிட்சர் சுமார் 40 அடியில் நிற்க வேண்டும். ஆனால் 46இல் நிறுத்தினார்கள். பெரியவர்கள் மைதானத்தில் பிட்சர், ஹோம் பிளேட்டுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுமையத்தைவிட மூன்றடி முன்னால் நிற்கிறார்; சிறுவர் மைதானத்தில் மையத்துக்கு மூன்றரை அடி பின்னால். பிள்ளையின் கண் பந்தைப் பார்த்துக் கை மட்டையை எடுக்க நேரம் வேண்டுமே. பிளேட்டோ அதே 17 அங்குலம்தான். பந்தும் அதே ஐந்து அவுன்ஸ் பந்துதான். ஓட்டம் சுருங்கியது, இலக்கு சுருங்கவில்லை. எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதைத்தான் இத்தனை காலமும் இந்தத் தொழிலில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கொல்லைப்புறத்தில் முதலில் மாற்ற வேண்டியது பந்து. பந்து முடிவானால் மற்ற அளவுகள் தாமாக வந்து உட்காரும். இந்த மாநிலத்தில் அதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. 1953இல் இங்கே ஃபேர்ஃபீல்டில் டேவிட் முல்லனி என்பவர், சின்ன இடத்தில் பிளாஸ்டிக் பந்தை வைத்து வளைவுப் பந்து எறிய முயன்று தோளை நோகடித்துக்கொண்ட தன் மகனுக்காக ஒரு பக்கம் மட்டும் எட்டுத் துளை போட்ட பந்தைச் செய்தார். அதுதான் விஃபிள் பந்து. ஷெல்டன் ஊரில் இன்னும் அந்தக் குடும்பத்தார்தான் தயாரிக்கிறார்கள். பலம் இல்லாத குழந்தை எறிந்தாலும் வளையும். வளர்ந்த ஆள் முழு வீச்சில் அடித்தாலும் நூறடிக்கு அருகில் ஓய்ந்துவிடும். கண்ணாடியில் பட்டால் டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவே. அதன் விதிப்படி ஓட்டமே கிடையாது. பந்து எந்தக் கோட்டைத் தாண்டியது என்று பார்த்து மனக்கணக்கில் ஓட்டக்காரரை நகர்த்த வேண்டியதுதான். 20 அடி அகலமும் 60 அடி நீளமும் இருந்தால் ஆடலாம். இதைச் சொன்னால் பாதி அப்பாக்களுக்கு முகம் விழுந்துவிடும். அவர்களுக்குப் பேஸ் வேண்டும், மண் வேண்டும், பையன் சறுக்கிக்கொண்டு வந்து விழ வேண்டும். சரி, விஃபிள் பந்தும் 40 அடி பேஸும் என்று பேசி முடிப்போம். என் வேலைகளில் பெரும்பாலானவை அந்த அளவில்தான்.

அளந்து குறிப்பது எனக்குப் பிடித்த நாள். கூலி அதிகம் கேட்க முடியாத நாளும் அதுதான். ஹோம் பிளேட்டின் பின்கூர்முனையில் ஒரு முளை. அங்கிருந்து நேராக இரண்டாம் பேஸுக்கு 56 அடி 7 அங்குலம். பிறகு இரண்டு நாடாக்களை இரண்டு முனையிலும் பிடித்து நாற்பதடியில் சந்திக்கவிட்டால் ஒரு பக்கம் முதல் பேஸ், மறுபக்கம் மூன்றாம் பேஸ். மூலை தானாகவே சரியாக விழும். சந்தேகம் தீராதவர்களுக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று நூல் பிடித்துக் காட்டுவேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வாணம் தோண்டும்போது கொத்தனார் செய்வதுதான்.

ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் வழியாக இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு வடகிழக்கைப் பார்க்க வேண்டும் என்று பேஸ்பால் விதிநூல் பரிந்துரைக்கிறது. சாயங்கால வெயில் மட்டைக்காரன் கண்ணில் அடிக்காது. கொல்லைப்புறத்தில் அந்த வாய்ப்பு நமக்கில்லை. வீடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் பிளேட்டைப் பதிக்க வேண்டும். வெயிலைவிட ஜன்னல் முக்கியம்.

தோண்டும் முன் 811க்கு ஒரு தொலைபேசி. நாடு முழுக்க அந்த எண்தான், பணம் கிடையாது. மண்ணுக்கடியில் எது ஓடுகிறது என்று காட்ட ஆள் வந்து புல்லின்மேல் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள்: சிவப்பென்றால் மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர். அவர்கள் குறிக்காத ஒன்று வீட்டுக் கழிவுநீர் இறங்கும் நிலம். கிராமப்புற வீடுகளில் கழிவுத்தொட்டியிலிருந்து துளைக்குழாய்கள் பின்தோட்டத்து மண்ணுக்குள்தான் போகும். அதன்மேல் களிமண் கொட்டித் திமிசு போட்டால் சில மாதங்களில் வீட்டுக்குள் நாற்றம் ஏறும். வரைபடத்தைப் பார்க்காமல் நான் மண்வெட்டியைத் தொடுவதில்லை. வேறு ஒரு ஒப்பந்தக்காரர் அப்படிப் போட்ட பிட்சர் மேட்டை அகழ்ந்தெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்தோம்.

இனி வாட்டம். நாலு பேஸுக்கு உட்பட்ட இன்ஃபீல்டின் நடுவிலிருந்து நான்கு பக்கமும் நூறு அடிக்கு ஓர் அடி அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவாகச் சரிய வேண்டும். நாற்பதடி மைதானத்தில் நடுவுக்கும் பேஸுக்கும் மூன்று, மூன்றரை அங்குல வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மைதானம் சின்னது என்பதற்காகச் சரிவை விகிதத்தில் குறைக்க முடியாது. இப்போது லேசர் கருவி வைத்து டிராக்டர் மண் சமன்படுத்துகிறது. பெரிய மைதானத்துக்கு அது வரம்தான். கொல்லைப்புறத்துக்குள் அந்த வண்டி நுழையாது. அதனால் இன்னமும் முளையும் நூலும்தான். எங்கள் பிள்ளைகளுக்குக் குழாய் மட்டம் காட்டியபோது விளையாட்டுச் சாமான் என்று நினைத்தார்கள்.

மண்ணைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். நல்ல இன்ஃபீல்ட் மண்ணில் பாதிக்கு மேல் மணல். மீதி வண்டலும் களியும், களி வண்டலைவிடச் சற்றுத் தூக்கலாக. களி குறைந்தால் புழுதி பறக்கும். கூடினால் வெயிலில் வெடித்து மழையில் வழுக்கும். உங்கள் தோட்டத்து மண் எப்படி என்று பார்க்க கண்ணாடிப் புட்டியில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் போதும். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் உட்காரும், இரண்டொரு மணி நேரத்தில் வண்டல், களி அடங்க ஒரு நாளாவது ஆகும். அடுக்குகளை அளவுகோல் வைத்து அளந்துவிடலாம். இந்த நியூ இங்கிலாந்து வட்டார மண்ணில் இன்னொன்றும் இருக்கும்: கல். பழைய பனியாறுகள் கொண்டுவந்து போட்டது. பொறுக்கிப் போட்டு முடித்தோம் என்று நினைத்தால், குளிர்காலம் கழிந்து உறைந்த நிலம் இளகும்போது புதுக் கற்கள் மேலே வந்து நிற்கும். இந்தப் பக்கத்துப் பழைய பண்ணைகளின் கற்சுவர்கள் எல்லாம் அப்படிப் பொறுக்கியவைதாம்.

பிட்சர் நிற்கும் மேடு தனி வேலை. பெரியவர்களுக்குப் பத்து அங்குல உயரம். 1968 வரை பதினைந்து இருந்தது. பிட்சர்கள் மட்டைக்காரர்களை அடக்கி ஒடுக்கிவிட்டார்கள் என்று 1969இல் குறைத்தார்கள். சிறுவர்களுக்கு ஆறு. மேட்டுக்குக் களி தூக்கலான மண் வேண்டும். ஓர் அங்குலம் பரப்பி, ஈரம் காட்டி, திமிசால் இடித்து, மேலே கீறிவிட்டு அடுத்த அங்குலம். கீறாவிட்டால் அடுக்குகள் ஒன்றையொன்று பற்றாது, பிட்சர் கால் வைக்கிற இடத்தில் பாளம் பாளமாகப் பெயரும். ஒரே நாளில் குவித்துத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விஃபிள் பந்துக்கு மேடே தேவையில்லை என்று சொல்லிப் பார்ப்பேன். பையன்கள் கேட்டுக்கொள்வார்கள், அப்பாக்கள் கேட்கமாட்டார்கள்.

கட்டியதை ஒப்படைக்கும் நாளில் நான் சொல்லிக்கொடுக்கிற முக்கியமான விஷயம் புல்லும் மண்ணும் சந்திக்கிற விளிம்பு. பலகையோ வலையோ இழுத்து மண்ணைச் சமன் செய்யும்போதும், பையன்கள் சறுக்கும்போதும், காற்றடிக்கும்போதும் மண் துகள்கள் புல்லின் ஓரத்தில் போய்த் தங்கும். புல் அதன்மேல் வளரும். மறுபடி மண் சேரும். ஒரு கோடை முடிவதற்குள் இரண்டு விரல் உயரத்துக்கு வரப்பு எழுந்துவிடும். பந்து அதில் மோதி எகிறும். அதைவிட மோசம், நாம் கஷ்டப்பட்டுக் கொடுத்த வாட்டம் அங்கே வந்து நின்றுபோகும். வயலுக்கு வரப்புக் கட்டிய மாதிரி இன்ஃபீல்டில் தண்ணீர் தேங்கும். அதனால் புல்லுக்கு ஓரடி முன்னாலேயே இழுவையை நிறுத்த வேண்டும். விளிம்பைக் கைவாரியால் விளிம்போடு சேர்த்து வார வேண்டும், குறுக்கே அல்ல. வாரம் ஒருமுறை கெட்டித் துடைப்பத்தால் புல்லுக்குள் போன மண்ணைத் திரும்பத் தள்ள வேண்டும். கேட்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும். இதைச் செய்கிற வீட்டு மைதானம் பத்து வருஷம் நிற்கிறது.

தேங்கிய நீரை என்ன செய்வது? துடைப்பத்தால் தள்ளாதீர்கள் என்பேன். தண்ணீரோடு நுண்மண்ணும் போய்விடும், அந்த இடம் பள்ளமாகும், அடுத்த மழைக்கு அங்கேயே குளம். பஞ்சால் ஒற்றி எடுக்கலாம்; பிறகு சுட்ட களிமண் குருணை தூவலாம். பூனைக் கழிவுக்கு வைத்திருக்கும் மண்ணைக் கொட்டிய வீடுகளும் உண்டு. அதில் பல ரகங்கள் நீர் பட்டால் ஊதிக் கூழாகிவிடும்.

வெள்ளைக் கோடு போடும் தூளில் ஒரு பெரிய மாற்றத்தை என் கண்முன் பார்த்தேன். நான் சேர்ந்தபோது சில மைதானங்களில் இன்னும் நீற்றிய சுண்ணாம்புதான். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை; அப்பாவின் விரல் வெடிப்புகளுக்கு அம்மா தேங்காயெண்ணெய் தடவியது அதனால்தான். கோட்டின்மேல் சறுக்கி விழுகிற பிள்ளைக்கு வியர்வையோடு சேர்ந்து தோல் வெந்துபோகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இப்போது சுண்ணாம்புக் கல்லைச் சுடாமல் அப்படியே அரைத்த தூள்தான் மைதானத்துக்கென்று விற்கிறது. மூட்டை இரண்டும் ஒரே வெள்ளைதான், பார்த்து வாங்க வேண்டும்.

புல்லில் பெற்றோரின் அவசரம் தெரியும். ஏப்ரலில் ஆட்டம் தொடங்குகிறது, மார்ச்சில் விதை போடுங்கள் என்பார்கள். இந்தக் குளிர் நாட்டில் விதைக்கு ஏற்ற காலம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முன்பாதியும். நம் கணக்கில் ஆவணி. மண் சூடாக இருக்கும், காற்று குளிர ஆரம்பித்திருக்கும், களைகள் அடங்கும். கென்டக்கி புளூகிராஸ் முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும், ஆனால் மண்ணுக்குள் தண்டோடி மிதிபட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். ரைகிராஸ் ஒரே வாரத்தில் பச்சை காட்டும், வழுக்கையை மூடத் தெரியாது. இரண்டையும் கலந்துதான் போடுவேன். பொறுமையில்லாதவர்களுக்குப் புல்தரையைச் சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கலாம், பணம் இருந்தால்.

கடைசியில் சுவருக்கு வருவோம். இடப்பக்க எல்லை நூறடி என்றால் ஃபென்வே விகிதத்தில் சுவர் பன்னிரண்டு அடி. ஆறேழு அடிக்கு மேல் வேலி கட்ட ஊராட்சி அனுமதி வேண்டும். ஒட்டுப்பலகைச் சுவர் காற்றைப் பிடிக்கும். கம்பங்களை இங்கே 42 அங்குலத்துக்குக் கீழே ஊன்ற வேண்டும்; அதற்கு மேலே இருக்கிற மண் குளிரில் உறைந்து உப்பி, கம்பத்தை மெல்ல மெல்லத் தூக்கிவிடும். ஹோம் பிளேட்டே ஒவ்வொரு வசந்தத்திலும் கொஞ்சம் எழுந்து நிற்கும், தோண்டி மறுபடி பதிப்போம். பன்னிரண்டடிச் சுவர் கேட்டவரை எட்டடிப் பலகைக்கும் அதன்மேல் நாலடி வலைக்கும் சம்மதிக்க வைப்பது என் வழக்கம். பச்சை வண்ணம் அடித்துவிட்டால் படத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

அண்டை வீட்டாரிடம் முன்னமே பேசிவிட வேண்டும். இதே மாநிலத்தில் கிரினிச்சில் 2008 கோடையில் பதின்வயதுப் பிள்ளைகள் சிலர், புதர் மண்டிக் கிடந்த ஊர்ப் பொது நிலத்தைத் தாங்களே சுத்தம் செய்து, பலகையில் பச்சைச் சுவர் எழுப்பி விஃபிள் மைதானம் போட்டார்கள். பக்கத்து வீட்டார் சத்தம், வாகனங்கள், வெள்ளநீர் என்று புகார் செய்ய, விவகாரம் பத்திரிகைகளில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. எல்லோரும் பிள்ளைகள் பக்கம் நின்றார்கள். என் மனமும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் நீர் வடியும் நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட அண்டை வீட்டுக்காரரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலை கேட்பவர்களும் மாறிவிட்டார்கள். முன்பு பிள்ளைகள் நாலு பேர் கூடி ஆட ஒரு இடம் கேட்டார்கள். பிறகு பயிற்சியாளர், வெளியூர்ப் போட்டி, பணம் கட்டிச் சேரும் அணி என்று வந்தபின் கேட்பது வலைக்கூண்டும் செயற்கைப் புல்லும் ஒரு பிட்சர் மேடும் மட்டும். ஒரு பையன், ஒரு எந்திரம், வாளி நிறையப் பந்து. அது மைதானம் ஆகாது, பட்டறை. கட்டிக்கொடுக்கிறேன், வருமானம் அதில்தான். 2020இல், கொரோனா காலத்தில் மட்டும் காற்று திரும்பியது. லிட்டில் லீக் உலகத் தொடரையே ரத்து செய்தார்கள், பூங்காக்களைப் பூட்டினார்கள், வீட்டுக்குள் அடைந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கூப்பிட்டன. அடுத்த ஆண்டு மரப்பலகை விலை ஏறியதில் பல சுவர்கள் வெறும் வலையாகவே நின்றன. ஆட்டம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்போது கூப்பிட்டவர்களில் ஒரு மதுரைக்காரக் குடும்பம். தந்தைக்குக் கிரிக்கெட், மகனுக்குப் பேஸ்பால். விக்கெட்டிலிருந்து விக்கெட்டுக்கு 66 அடி, பிட்சரிடமிருந்து பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். இரண்டையும் ஒரே பட்டையில் அடக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, ஒன்றுக்குத் தரை இறுகிக் கிடக்க வேண்டும், மற்றதற்கு மேடு வேண்டும் என்றேன். வலது மூலையில் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி கீரைப்பாத்தி போட்டிருந்தார். அதை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. ரிக்லி ஃபீல்டில் பந்து சுவர்க் கொடிக்குள் சிக்கினால் அடித்தவருக்கு இரண்டு பேஸ் என்று ஒரு உள்ளூர் விதி உண்டு. அதையே கீரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பையனிடம் சொன்னேன்.

பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். “ஏப்பா தம்பி, எங் கீரையில பந்து விழுந்தா அவனுக்கு ரெண்டுங்குற. கீரை ஒடிஞ்சா எனக்கு எத்தனை?”

“உங்களுக்கு அவுட் கொடுத்திரலாம் பாட்டி” என்றான் பையன். அது நியாயம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். பாத்திக்குள் விழுந்து செடி முறிந்தால் மட்டைக்காரன் அவுட். அந்த வீட்டில் வலப்பக்கம் அடிக்க எல்லோரும் பயந்தார்கள்.

பேஸ்களை நான் காங்கிரீட்டில் நிரந்தரமாகப் பதிப்பதில்லை. நாற்பது, ஐம்பது, அறுபது அடிகளில் இரும்புக் குழல்களைப் புதைத்து மூடி போட்டுவிடுவேன்; பிள்ளை வளர வளரப் பேஸ் நகரும். இடம் இருக்கிற வீடுகளில் கடைசி அறுபதுவரை போவார்கள். அப்படிப் போன ஒரு வீட்டில் பையன் கல்லூரிக்குப் போய்விட்டான், மைதானத்தைக் கலைத்துப் புல் போட வேண்டும் என்று தந்தை கூப்பிட்டார். நான் போய் நின்றபோது தங்கை ஒரு வரைபடத்தோடு வந்தாள். அவள் சாஃப்ட்பால் ஆடுகிறவள். அந்த ஆட்டத்தில் பிட்சருக்கு மேடு கிடையாது, சமதரையில் எட்டடி ஆரத்தில் ஒரு வட்டம் மட்டும். இன்ஃபீல்டுக்குள் புல்லும் கிடையாது, முழுக்க மண். பேஸ் தூரம் பள்ளியிலும் கல்லூரியிலும் அதே 60 அடிதான், ஆக ஒருமுறை பதித்தால் நகர்த்த வேண்டியதில்லை.

மேட்டை வெட்டி எடுத்தோம். உள்ளே பழைய களி இன்னும் ஈரமாக, கட்டியாக இருந்தது. அதை வேறொரு வேலைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டேன். உள் புல்லைச் சீவி எடுத்து அவர்கள் வீட்டு முன்வாசல் வழுக்கைகளில் பதித்தோம். மேடு போனதும் பழைய வாட்டம் பொருந்தவில்லை, நடுவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டியிருந்தது. பிட்சர் பலகையை எங்கே பதிப்பது என்பதில் மட்டும் வீட்டுக்குள் பேச்சு நீண்டது. அவள் வயதுக்கு 40 அடி போதும் என்று தந்தை சொன்னார். உயர்நிலைப் பள்ளியில் 43, இன்னும் இரண்டு வருஷத்தில் அங்கேதானே எறியப்போகிறேன் என்று அவள் சொன்னாள். நாடாவின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். தந்தை பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் 43இல் முளையை அடித்துவிட்டாள். சரிபார்த்தேன், கால் அங்குலம்கூடப் பிசகவில்லை.